படிவத்தில் இல்லாத கேள்வி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தச் சொற்பொழிவுக்குத் தலைப்புக் கேட்டுத் துறையிலிருந்து தொலைபேசி வந்தபோது, 'கல்வியின் நோக்கம் என்று போட்டுக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் பயம் வந்தது. அந்தத் தலைப்பில் பேசாதவர்கள் நாட்டில் யாருமில்லை. துணைவேந்தர் பேசுவார், அமைச்சர் பேசுவார், ஆண்டு விழாவுக்கு வரும் காவல்துறை அதிகாரியும் பேசுவார். எல்லோரும் சொல்வது சரியாகவே இருக்கும். மறுநாள் யாருக்கும் ஒன்றும் நினைவிருக்காது.

அதனால் இன்று பொதுவாக எதுவும் பேசப்போவதில்லை. இருபது நிமிடம் ஓடும் ஒரு பழைய ஆவணப்படத்தைப் பற்றிப் பேசுகிறேன். அந்தப் படத்தின் வழியாக ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றியும், கடைசியில் என் மேசைக்கு எதிரே ஒரு நாள் வந்து நின்ற ஒரு பையனைப் பற்றியும் சொல்கிறேன்.

நியூஸ் ரீல்காரர்கள் எடுத்த படம்

படத்தின் பெயர் 'தி இன்னர் ஐ'. அகக்கண் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். 1972இல் சத்யஜித் ரே எடுத்தது. ஃபிலிம்ஸ் டிவிஷன் தயாரிப்பு. இங்கே அமர்ந்திருக்கும் மூத்தவர்களுக்கு அந்த நிறுவனத்தை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பெரிய படத்துக்கு முன்னால் கொட்டகையில் ஓடுமே, எல்லாவற்றையும் சேர்த்து 'நியூஸ் ரீல்' என்று சொல்வோமே, அதை எடுத்தவர்கள். 1948இல் தொடங்கிய அரசு நிறுவனம். அவர்கள் படத்தைப் போட்டே ஆக வேண்டும் என்பது அன்றைய தியேட்டர் உரிமத்தின் நிபந்தனை. அவர்கள் போட்டார்கள், நாம் வெளியே நின்று முறுக்கு வாங்கினோம். அணைக்கட்டுத் திறப்பு, வெள்ள நிவாரணம் என்று வந்த வரிசையில் இப்படிச் சில படங்களும் வந்தன.

ரேயின் 'பதேர் பாஞ்சாலி'யைப் பேசுகிற அளவுக்கு இதை யாரும் பேசுவதில்லை. நான்கு ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாட்டு அரசின் பங்களிப்போடு நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி அம்மையாரைப் பற்றி ரே எடுத்த 'பாலா'வையாவது நம்மவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். இதை அப்படிக்கூடச் சொல்ல முடியாது.

படத்தில் ஒரு மனிதர் வேலை செய்துகொண்டிருக்கிறார். இடம் சாந்திநிகேதனின் கலைப்பள்ளியான கலாபவனம். சுவரில் பதிப்பதற்காகப் பீங்கான் ஓடுகளில் ஒரு பெரிய சித்திரம் தயாராகிறது. வயது 68, கறுப்புக் கண்ணாடி அணிந்திருக்கிறார். காகிதத்தை விரலால் தடவிப் பார்த்து வேலை செய்கிறார். அந்த விரல்களைச் சிறிது நேரம் கவனித்தால்தான் நமக்கு விஷயம் உறைக்கிறது. அவருக்குப் பார்வை இல்லை.

அவர் பெயர் பினோத் பிஹாரி முகர்ஜி. ரேயின் ஆசிரியர். படத்துக்கு விவரணைக் குரலும் ரேயுடையதுதான். அந்தக் குரலில் உருக்கம் இல்லை, இரக்கமும் இல்லை. தம் ஆசிரியரின் வேலையை ஒரு மாணவர் நிதானமாக எடுத்துச் சொல்கிற குரல்.

நந்தலாலின் சந்தேகம்

பினோத் பிஹாரி 1904இல் கல்கத்தாவை அடுத்த பேஹாலாவில் பிறந்தார். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை கிடையாது. இன்னொன்றில் கடுமையான கிட்டப்பார்வை. மற்றப் பிள்ளைகளைப் போலப் பள்ளிக்கூடம் போய்ப் படிப்பது நடக்கவில்லை. 1917இல் சாந்திநிகேதனுக்கு வந்தார். 1901இல் ஐந்து பிள்ளைகளோடு ரவீந்திரநாத் தாகூர் தொடங்கிய பள்ளி அது. 1919இல் அங்கே கலாபவனம் தொடங்கியதும் அதில் சேர்ந்தார். 1921இல்தான் விஸ்வபாரதிப் பல்கலைக்கழகம் முறையாகத் தொடக்க விழா கண்டது. ஆக, பல்கலைக்கழகத்தைவிட இந்த மாணவர் அங்கே மூத்தவர்.

கலாபவனத்தில் ஆசிரியர் நந்தலால் போஸ். அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. நியாயமான சந்தேகம்தான். கண் சரியாகத் தெரியாத பையன் ஓவியம் படித்து என்ன செய்யப்போகிறான்? படிப்பு முடிந்து எப்படிப் பிழைப்பான்? தாகூரிடம் போய்க் கேட்டார். தாகூர் திருப்பி ஒரு கேள்வி கேட்டார்: பையன் ஒழுங்காக வந்து உட்கார்ந்து வேலை செய்கிறானா, அதில் மனம் வைக்கிறானா? ஆமாம் என்றார் நந்தலால். அப்படியானால் விட்டுவிடுங்கள், அவனவன் வழியை அவனவன் தேடிக்கொள்ளட்டும், எதிர்காலத்தைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டாம் என்ற பொருளில் பதில் வந்தது.

இதைத் தாகூரின் பெருந்தன்மைக்குச் சான்றாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவது சுலபம். எனக்கு அதில் பெருந்தன்மையைவிடக் கறார்தான் தெரிகிறது. 'பாவம், இருந்துவிட்டுப் போகட்டும்' என்று அவர் சொல்லவில்லை. ஒரு நிபந்தனை வைத்தார்: வர வேண்டும், மனம் வைக்க வேண்டும். அந்த நிபந்தனை வகுப்பிலிருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. 'உன்னால் முடியுமா' என்ற கேள்வியை மட்டும் அவர் எடுத்துவிட்டார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது சேர்க்கை நாள் இல்லை, வருங்காலம்.

வருங்காலம் பதில் சொன்னது. 1925இல் அதே கலாபவனத்தில் பினோத் பிஹாரி ஆசிரியரானார்.

ஈரம் காய்வதற்குள்

படத்தின் பெரும்பகுதியில் கேமரா சுவர்களையும் கூரையையும் மெதுவாகத் தடவிக்கொண்டு போகிறது. அவற்றில் மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, 1940இல் கலாபவன விடுதியின் கூரையில் தீட்டியது. நடுவில் ஒரு குளம். அதைச் சுற்றி பீர்பூம் மாவட்டத்துக் கிராமம்: மரங்கள், மாடுகள், குடிசைகள், ஆட்கள். அந்த ஆண்டுதான் ரே மாணவராக அங்கே போகிறார். அவர் முதலில் பார்த்த பினோத் பிஹாரி ஓவியம் அதுதான்.

இரண்டாவது, அதே வளாகத்தின் சீனபவனத்தில் 1942இல் தீட்டியது. பொருள்: வளாக வாழ்க்கை. ஆவணப்படத்தின் வழியாக ஒரு பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா, அந்தப் படத்துக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆசிரியர் அதே பொருளைச் சுவரில் எழுதி வைத்துவிட்டார். ரே அங்கே படித்துக்கொண்டிருந்த காலம் அது.

மூன்றாவதில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஹிந்தி பவனத்தில் 1946-47இல் தீட்டியது. மண்டபத்தின் மூன்று சுவர்களின் மேற்பகுதியில் நீண்டு போகிறது. பொருள், இடைக்கால பக்தி இயக்கத்தின் அடியார்கள். கபீர் இருக்கிறார், சூர்தாஸ் இருக்கிறார், துளசிதாஸ், குரு கோவிந்த் சிங் இருக்கிறார்கள். நம் ராமானுஜரும் இருக்கிறார். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து திருவரங்கத்தில் வாழ்ந்தவர் வங்காளத்துச் செம்மண் பூமியில் ஒரு பல்கலைக்கழகச் சுவரில் இடம்பிடித்திருக்கிறார்.

ஈரச் சுண்ணாம்பில் தீட்டும் முறை இது. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் சோழர் ஓவியங்கள் இருக்கின்றனவே, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே.கோவிந்தசாமி அந்த இருட்டுக்குள் போய்க் கண்டெடுத்தவை, அவையும் இந்த முறையில் தீட்டியவை என்பார்கள். வேலை இப்படி நடக்கும். அன்றைக்கு எவ்வளவு தீட்ட முடியுமோ அவ்வளவு பரப்புக்கு மட்டும் காலையில் சுண்ணாம்புச் சாந்து பூசுவார்கள். அது ஈரமாக இருக்கும்போதே தண்ணீரில் குழைத்த நிறத்தை ஏற்ற வேண்டும். சாந்து காயக் காயக் காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக் கல்லாக இறுகும். நிறமும் அதோடு இறுகிவிடும். தவறினால் அழிக்க முடியாது. கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும்.

இப்படிப்பட்ட வேலைக்குச் சாதாரணமாக முழு அளவில் ஒரு மாதிரி வரைந்து, அதைச் சுவரில் படியெடுத்துக்கொள்வார்கள். பினோத் பிஹாரி அப்படிச் செய்யவில்லை. நேராகச் சுவரில் இறங்கினார். அவருக்குக் கிட்டத்தில் மட்டும்தான் தெரியும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த ஓவியரும் நாலு தீற்றல் போட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்து கண்ணை இடுக்கிப் பார்ப்பார். இவர் நகர்ந்தால் சுவரே மங்கிப்போகும். ஆகவே கண்ணுக்கு முன்னால் எப்போதும் ஒரு சாண் சுவர். மூன்று சுவர்களின் மொத்தமும் தலைக்குள். எந்த அடியாருக்குப் பக்கத்தில் எவர், எங்கே கூட்டம் நெருக்க வேண்டும், எங்கே ஆள் குறைய வேண்டும், எல்லாவற்றையும் உள்ளே வைத்துக்கொண்டு துண்டு துண்டாக வெளியே எடுத்து வைத்தார். மாணவர்கள் கூட நின்று உதவினார்கள்.

ரே தம் படத்துக்கு வைத்த தலைப்பு 1956க்குப் பிறகு வந்த கதையை மட்டும் குறிப்பதாக முதலில் நினைத்திருந்தேன். அந்த ஆண்டு டெல்லியில் பினோத் பிஹாரிக்கு ஒரு கண் அறுவை சிகிச்சை நடந்தது. இருந்த கொஞ்சப் பார்வையும் போயிற்று. இந்தச் சுவரைப் பார்த்தபின் தோன்றுகிறது, அந்தத் தலைப்பு 1946க்கே பொருந்தும். பார்வை போன பிறகு அவருக்கு அகக்கண் திறக்கவில்லை. அதில்தான் அவர் முதலிலிருந்தே வேலை செய்துவந்தார்.

இரண்டு பொருளாதார மாணவர்கள்

ஹிந்தி பவனச் சுவருக்கு உதவிய மாணவர்களில் ஒருவர் கே.ஜி.சுப்ரமணியன். 1924இல் கேரளத்தின் கூத்துப்பறம்பில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறைக்குப் போனார். அதோடு அரசுக் கல்லூரிகளின் கதவு மூடிக்கொண்டது. 1944இல் கலாபவனத்துக்கு வந்தார்.

ரேயும் பொருளாதார மாணவர்தான். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரி. ஓவியராகும் எண்ணத்தோடு அவர் சாந்திநிகேதன் போகவில்லை. அம்மாவின் விருப்பத்துக்காகப் போனார். ஐந்தாண்டுப் படிப்பை இரண்டரை ஆண்டில் விட்டுவிட்டு வந்தார். 1943இல் கல்கத்தாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தார்.

இன்றைய கணக்கில் இந்த இருவரும் என்ன? ஒருவர் இடைநிற்றல். மற்றவர் நன்னடத்தைச் சான்றிதழில் சிக்கல் உள்ளவர். தர மதிப்பீட்டுக் குழு வந்தால் இரண்டு பேரையும் எந்தப் பத்தியில் காட்டுவது என்று நம் அலுவலகம் திணறிப்போகும்.

ஆனால் நடந்தது வேறு. இந்தியக் கலையின், கீழ்த்திசைக் கலையின் அருமைக்குத் தம் கண்ணைத் திறந்தது சாந்திநிகேதன் என்று ரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அங்கே நூலகத்தில் கிடைத்த சினிமாப் புத்தகங்களைத்தான் அவர் முதலில் ஊன்றிப் படித்தார். ஓவியம் படிக்கப் போன இடத்தில் சினிமா! பாடத்திட்டத்தில் அது கிடையாது, அலமாரியில் இருந்தது. சுப்ரமணியன் பரோடாவில் ஒரு தலைமுறைக்கே ஆசிரியரானார். பினோத் பிஹாரி வங்க மொழியில் எழுதிய தன்வரலாறான 'சித்ரகர்' நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவரே. ஆசிரியரைப் பற்றி ஒரு மாணவர் படம் எடுக்கிறார், இன்னொரு மாணவர் ஆசிரியரின் சொற்களை வேறு மொழிக்குக் கொண்டுபோகிறார். ஒரு பல்கலைக்கழகம் நடந்ததற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

இங்கே ஒரு எச்சரிக்கை. சாந்திநிகேதனின் மரத்தடிக் கல்வி என்றவுடன் அது செலவில்லாத கல்வி என்று நினைத்துவிடக் கூடாது. நோபல் பரிசுப் பணம் வந்தும் விஸ்வபாரதிக்குப் பற்றாக்குறை தீரவில்லை. 1936இல், எழுபத்தைந்தை நெருங்கிய வயதில், தாகூர் நாட்டிய நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போய் நிதி திரட்டிக்கொண்டிருந்தார். டெல்லியில் அதைக் கேள்விப்பட்ட காந்தி மனம் பொறுக்காமல், கொடையாளர் வழியாக 60,000 ரூபாய் ஏற்பாடு செய்து கொடுத்து, கவிஞரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்த பணத்தில்தான் கண் தெரியாத பையன்கள் ஓவியம் படிக்க முடிகிறது. அறக்கட்டளை நிறுவியவர்கள் முன்வரிசையில் இருப்பதால் இதை முகத்துக்கு நேரே சொல்லிவைக்கிறேன்.

என் மேசைக்கு எதிரே

இனி என் கதை. இருபது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கல்லூரியில் விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல், துறையில் இருந்தேன். சேர்க்கைக் குழுவில் நானும் ஒருவன். ஜூன் மாதம், புழுக்கம், மேசையில் விண்ணப்பக் கட்டு. ஒரு பையன் அம்மாவோடு வந்தான். விடிகாலைப் பேருந்து பிடித்து வந்திருந்தார்கள். சோடாப்புட்டிக் கண்ணாடி. கையெழுத்துப் போடச் சொல்லிப் படிவத்தை நீட்டினேன். அதை மூக்குக்கு நாலு விரற்கடை தூரத்தில் பிடித்து, எங்கே கோடு இருக்கிறது என்று தேடினான்.

"தம்பி, இது விஸ்காம். கேமரா பிடிக்கணும், எடிட்டிங் பண்ணணும். உன்னால முடியுமா?" என்றேன்.

"பழகிக்குவேன் சார்."

"கண்ணைப் பார்த்தியா? தமிழ் இலக்கியம் எடுத்துக்கோயேன். நல்லா வருவே."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான், "அவன் போட்டோ நல்லா எடுப்பான் சார், எங்க சொந்தக்காரங்க கல்யாணத்துக்கெல்லாம் அவன்தான்" என்றார். நான் சிரித்தேன். கெட்ட எண்ணத்தோடு இல்லை. அன்பாகத்தான் சிரித்தேன். அவர்கள் தமிழ்த் துறைக்கும் போகவில்லை. பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டார்கள்.

அன்றைக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 3 விழுக்காடு இடம் சொல்லியிருந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 5 ஆக்கியது. சட்டம் இடத்தை ஒதுக்கும். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவனின் வாயில் வரும் கேள்வியை எந்தச் சட்டமும் எழுதிக் கொடுக்காது.

ரேயின் படத்தை நான் பார்த்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. பார்த்துவிட்டு பினோத் பிஹாரியைப் பற்றித் தேடிப் படித்தபோது நந்தலாலின் கதை கிடைத்தது. நந்தலால் கேட்ட அதே கேள்வியைத்தான் நானும் கேட்டிருக்கிறேன். ஒரு வித்தியாசம்: அவர் அந்தச் சந்தேகத்தைத் தம்மைவிடப் பெரியவரிடம் கொண்டுபோய் வைத்தார். நான் பதினேழு வயதுப் பையனின் தலையில் வைத்தேன். ஆசிரியருக்குச் சந்தேகம் வரலாம், வர வேண்டும். அதை எங்கே இறக்கிவைக்கிறோம் என்பதில்தான் ஒரு கல்லூரி எப்படிப்பட்டது என்பது தெரிகிறது.

ஏழிலைப்பாலை

பார்வை முற்றும் போன பினோத் பிஹாரியை 1958இல் கலாபவனம் திரும்ப வரவழைத்துக்கொண்டது. ஓவிய வரலாறு நடத்தினார். பார்வையில்லாதவர் ஓவியத்தைப் பற்றி வகுப்பெடுக்கிறார், பிள்ளைகள் கேட்கிறார்கள். கூடவே காகிதம் வெட்டி ஒட்டினார், மெழுகில் உருவம் பிடித்தார், விரலால் தாளின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கோடு வரைந்தார். படத்தின் முடிவில் நிகில் பானர்ஜியின் சிதார் ஒலிக்கிறது. பார்வையின்மை ஒரு புதிய உணர்வு, புதிய அனுபவம், புதியதொரு நிலை என்று பினோத் பிஹாரி சொன்னதோடு படம் நின்றுவிடுகிறது. இழப்பு என்ற சொல்லே அதில் இல்லை. 1974இல் அவருக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது, 1980இல் மறைந்தார்.

விஸ்வபாரதியில் ஒரு வழக்கம் உண்டு. பட்டமளிப்பு விழாவில் சாதிம் மரத்தின் இலைக்கொத்தைக் கொடுப்பார்கள். தாகூரின் தந்தையார் தேவேந்திரநாத் அந்த இடத்துக்கு முதலில் வந்தபோது தியானத்தில் அமர்ந்தது சாதிம் நிழலில் என்பதால் வந்த மரபு. அந்த மரம் நமக்கு அந்நியமில்லை. தமிழில் அதற்குப் பெயர் ஏழிலைப்பாலை. ஒரு கணுவைச் சுற்றி ஏழு இலை என்பது பெயர்க் கணக்கு. மரத்தில் எண்ணிப் பார்த்தால் சில கொத்தில் ஐந்து இருக்கும், சிலவற்றில் எட்டும் இருக்கும். எந்தக் கொத்தையும் மரம் தள்ளிவைப்பதில்லை. தாவரவியலில் அதன் பெயர் 'ஸ்காலரிஸ்' என்று முடியும், பள்ளிக்கூடத்துக்குரியது என்று பொருள். அதன் பலகையில் ஒரு காலத்தில் பிள்ளைகளுக்கு எழுதுபலகை செய்தார்கள்.

இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் பலர் நாளை ஆசிரியர்களாகப் போகிறீர்கள். ஏதோ ஒரு ஜூன் மாதத்தில் உங்கள் மேசையிலும் விண்ணப்பக் கட்டு இருக்கும். மதிப்பெண், சான்றிதழ், வகுப்பு, வருமானம் எல்லாவற்றுக்கும் படிவத்தில் கட்டம் இருக்கும். தாகூர் கேட்ட கேள்விக்குக் கட்டம் இருக்காது. அதை நீங்களாகத்தான் கேட்க வேண்டும்: வருவாயா, மனம் வைப்பாயா?

அந்தப் பையன் பெயர் எனக்கு நினைவில்லை. விண்ணப்பம் எந்தக் கட்டில் போயிற்றோ, அதுவும் தெரியாது. படிவத்தை முகத்துக்கு எவ்வளவு கிட்டத்தில் பிடித்திருந்தான் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஹிந்தி பவனத்தின் மூன்று சுவர்களும் ஏறக்குறைய அந்தத் தூரத்திலிருந்து தீட்டப்பட்டவைதான்.